கதிர்காம நடைக்கு டிக்கெட் போட்ட வருஷம்

காற்றும் கடலும் எஞ்சினும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயத்தை, ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம் முடிவு செய்துவிட்டதாக அடுத்தவரை நம்பவைப்பதுதான் பயண ஏற்பாட்டுத் தொழில்.

போர்ட் பிளேரில், அபர்தீன் பஜாரில், காசிம் பாய் கடையின் ஒரு பாதியில் குடை, லாந்தர், கயிறு விற்றார்கள். மறு பாதியில் என் மேஜை இருந்தது. மெயின்லேண்ட் போகிறவர்களுக்குக் கப்பலில் பங்க் படுக்கை, விமானத்தில் சீட், அந்தப் பக்கம் இறங்கியதும் ரயில் என்று ஒன்றோடொன்று கோத்துக் கொடுப்பது என் வேலை. கோத்த சரம் அறுந்தால் திட்டு வாங்குவதும் என் வேலைதான். கப்பல் நாளை என்று கேள்விப்பட்டு, பெட்டி கட்டி, மிச்சமிருந்த அரிசியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கப்பல் இல்லை என்று தெரிந்து அதே அரிசியைத் திருப்பிக் கேட்கப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் ஆள். மேலே படியுங்கள்.

முகூர்த்தம் காத்திருந்தது

இந்தத் தொழிலுக்கு நான் ஏன் வந்தேன் என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். என் கல்யாணத்துக்கே நேரத்தில் போய்ச் சேராதவன் நான். அப்போது மர ஆலையில் குமாஸ்தாவாக இருந்தேன். கும்பகோணத்தில் பந்தல் போட்டாகிவிட்டது. சமையல்காரர்கள் வந்தாகிவிட்டது. நான் மட்டும் ஹாடோ கப்பல்துறை ஜெட்டியில் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கார் நிக்கோபாரிலிருந்து திரும்ப வேண்டிய கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தந்தி கொடுத்தேன். அந்தத் தந்தியைப் பார்த்த பிறகு பெண் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று இன்றைக்கும் என் மனைவி சொன்னதில்லை.

நல்லவேளையாக அடுத்து ஒரு முகூர்த்தம் அதே வாரத்தில் இருந்தது. நான் தலை கலைந்து, கடல் ஆட்டம் கால்களில் இன்னும் மிச்சமிருக்க, பந்தலுக்குள் நுழைந்தேன். மாமனார் அதிர்ந்து பேசாத மனிதர். சொம்பில் தண்ணீர் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார்: “மாப்பிள்ளை, அந்த ஊர்லேர்ந்து கிளம்பறவாளுக்குன்னு தனியா பஞ்சாங்கம் ஏதாவது இருக்கா?”

ரங்கூன் வழியாக

அந்த நாளில் கல்கத்தாவுக்குப் போகிற விமானம் எரிபொருளுக்காக பர்மாவில், ரங்கூனில் இறங்கிப் போகும். பயணிகளை ஒரு கூடத்தில் உட்காரவைத்து டீ கொடுத்து, மறுபடி ஏற்றிவிடுவார்கள். ரோடு காண்டிராக்டர் பொன்னுசாமிக்கு ஒரு தடவை அந்த விமானத்தில் சீட் வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்த பிறகு அவர் பேச்சே மாறிப்போயிற்று. எதைப் பேச ஆரம்பித்தாலும் “நம்ம இந்தியாவுல பார்த்தீங்கன்னா” என்றுதான் ஆரம்பித்தார். ரங்கூன் டீயில் பால் கம்மி என்பதைக் கேட்காதவர் அந்த பஜாரில் யாரும் இல்லை.

கொஞ்ச நாள் கழித்து என் மேஜைக்கு வந்து, சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, தொழில்முறை ஆலோசனை கேட்டார்: “தம்பி, ஆபீஸ் போர்டுல பேருக்குக் கீழே ஃபாரின் ரிட்டர்ன்னு எழுதினா போலீஸ் ஏதும் கேக்குமா?”

தெய்வானை அக்கா வந்தார்

பொன்னுசாமியை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த அதே வருஷம்தான், அறுபதுகளின் கடைசியில், நிஜமாகவே வெளிநாடு போக வேண்டிய ஒருவர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். தெய்வானை அக்கா. ஃபீனிக்ஸ் பே பக்கம் சாப்பாட்டுக் கடை நடத்தியவர். நான் தினமும் மத்தியானம் அங்கேதான் சாப்பிடுவேன். குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால், “உனக்கு நாக்கு நீளம்” என்று சொல்லிவிட்டு மோரை ஊற்றிவிட்டுப் போகிறவர். அவர் கணவர் சண்முகம் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார், ஓய்வு நேரத்தில் கடையில் பரிமாறுவார்.

அக்கா பிறந்தது இலங்கையில், மாத்தளையில். அப்பா ராமநாதபுரத்துக்காரர், அங்கே மளிகைக் கடை வைத்திருந்தார். முருக பக்தர். அதனால் மூத்தவள் தெய்வானை, இளையவள் வள்ளி. ஒரு தடவை அப்பா காய்ச்சலில் பிழைப்பாரா என்று ஆனபோது, இரண்டு பெண்களும் ஒரு வேண்டுதல் செய்துகொண்டார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து ஒவ்வொரு வைகாசியிலும் ஒரு கூட்டம் முருகன் வேலை ஏந்திக்கொண்டு கிழக்குக் கரையோரமாகவே, ஊர் ஊராக, கடைசியில் காட்டு வழியாக, கதிர்காமத்துக்கு நடந்து போகும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிற நடை. அந்தக் கூட்டத்தோடு இருவரும் சேர்ந்து நடந்து வருகிறோம் என்பது வேண்டுதல். அப்பா பிழைத்துக்கொண்டார். தெய்வானைக்குக் கல்யாணமாகி அந்தமான் வந்துவிட்டார். வள்ளி யாழ்ப்பாணத்தில் ஒரு ஜவுளிக் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். அதன் பிறகு ஒருத்தியால் முடிந்தபோது மற்றவளுக்குப் பிரசவம், மற்றவளால் முடிந்தபோது இவருக்குக் கடை. தங்கை கல்யாணத்தன்று பார்த்ததுதான். பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள்.

இப்போது வள்ளி எழுதியிருந்தாள். முழங்கால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும் என்று தோன்றவில்லை, இந்த வைகாசியில் கிளம்புகிறேன், நீ வந்தாலும் வராவிட்டாலும் போகிறேன் என்று. அக்கா பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் அலைந்து வாங்கிவிட்டார். பணத்துக்குக் குறைவில்லை. மிச்சம் இருந்தது போய்ச் சேருவது மட்டும்தான். அதை என் மேஜைமேல் வைத்தார்.

“கப்பலோ பிளேனோ ரயிலோ, நீ எதை வேணா போடு தம்பி. ஆனா நடை கிளம்புற அன்னிக்கு நான் சந்நிதி வாசல்ல நிக்கணும். எங்க வள்ளி திரும்பிப் பாத்து நிக்கிற ஆள் இல்ல.”

சோற்றுத் தட்டுகளுக்கு நடுவே

வைகாசி என்றால் அந்தமானில் மழைக்காலம் தொடங்கிவிடும். கடல் புரளும். கப்பல் எப்போது வரும் என்று கேட்டால் துறைமுகத்தில் வானத்தைக் காட்டுவார்கள். ஆகவே இந்தத் திட்டத்தை நான் மட்டும் போடவில்லை. அக்கா கடையில் சாப்பிட வந்த எல்லாரும் சேர்ந்து போட்டார்கள். கல்கத்தாவுக்கு விமானம், அங்கிருந்து சென்னைக்கு ரயில், ராமேஸ்வரத்துக்கு இன்னொரு ரயில், தலைமன்னாருக்குப் படகுக் கப்பல், மறுபடி ரயில் என்பது ஒரு வழி. ஆனால் விமானத்தில் நம் சீட்டைக் கிளம்புகிற அன்றைக்கு ஒரு பெரிய அதிகாரி எடுத்துக்கொள்ளக்கூடும். ரயில்கள் ஒன்றுக்கொன்று பேசிவைத்துக்கொண்டு ஓடுவதில்லை. கடைசியில் எல்லாரும் ஒப்புக்கொண்ட வழி இது: இங்கிருந்து கப்பலில் சென்னை, சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம். பலாலியில் இறங்கினால் சந்நிதி கூப்பிடு தூரம். இடையில் எத்தனை நாள் உபரியாக விடுவது என்பதில்தான் சண்டை. ஒவ்வொருவரும் தாங்கள் கப்பலைத் தவறவிட்ட கதையைச் சொல்லி உபரியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒருவருக்கு வேலை போயிருந்தது. ஒருவருக்கு, இறந்துபோன அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிருந்தது. என் கல்யாணக் கதையைச் சொன்னேன். அது சிரிப்புக் கதையாகப் போய்விட்டது, ஆனாலும் உபரியில் ஒரு நாள் கூடியது.

கப்பல் ஆபீஸில் டிக்கெட் எழுதும் மொண்டல் தாதாவும் அன்று சாப்பிட வந்திருந்தார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர், யாரையும் அண்ணன் என்கிற மாதிரி தாதா என்று கூப்பிடுகிறவர், மீன் குழம்புக்காக மட்டும் தமிழர் கடையைத் தேடி வருகிறவர். எங்கள் வாதத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே முள்ளை ஒதுக்கி, ஒரு கப்பல் போனால் எல்லாமே போய்விட்டது என்று தீவு ஹிந்தியில் தீர்ப்புச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினோம். அங்கே இருந்த ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

“தேக்கோ தாதா, ஏக் ஜஹாஜ் கயா, தோ சப் கயா.”

ஒத்திகை

டிக்கெட் போட்ட மறுநாளிலிருந்து அக்கா நடக்க ஆரம்பித்தார். விடியற்காலையில், செருப்பில்லாமல், தலையில் ஒரு துணி மூட்டையுடன், கார்பைன்ஸ் கோவ் கடற்கரை வரைக்கும் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் போய்விட்டுக் கடை திறக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவார். மூட்டையோடு ஒரு பெண் தினமும் விடிகாலையில் வீட்டை விட்டுப் போகிறாள் என்று பஜாருக்குச் சேதி பரவியது. சண்முகம் அண்ணனிடம் ஆறுதல் சொல்ல ஆட்கள் வந்தார்கள். பேசித் தீர்த்துக்கொள்ளலாமே என்று காசிம் பாயே தயங்கித் தயங்கி அவரிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அந்த நாட்களில் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொரு நாளும் அக்கா காலில் புதிதாக ஒரு கொப்புளம். நான் கோத்திருக்கும் சரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்தால் அத்தனை கொப்புளமும் வீண். ஒரு டிக்கெட் குமாஸ்தா இவ்வளவு தூரம் யோசிக்க வேண்டுமா, இது அக்கறையா அல்லது என் திறமை பொய்த்துவிடுமோ என்கிற பயமா என்று பிரித்துப் பார்க்க முயன்றேன். பிரிக்க வரவில்லை. சண்முகம் அண்ணனுக்கு இந்தக் குழப்பமெல்லாம் கிடையாது. சாம்பார் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: “அவ கதிர்காமத்துக்கு இங்கேயே பாதி தூரம் நடந்துட்டா. மீதிக்கு மட்டும் நீ டிக்கெட் குடுத்தா போதும்.”

வெளித்துறை

எனக்கும் வருஷ விடுமுறை இருந்தது. கும்பகோணத்தில் இருந்த மனைவி மக்களைப் பார்க்க அதே கப்பலில் கிளம்பினேன். கப்பல் கிளம்பவே தாமதம். தெற்கே ஒரு தீவில் ஆபத்தான நிலையில் இருந்த நோயாளி ஒருவரை ஏற்றி வரப் போயிருந்தது. அதற்கு யாரும் முணுமுணுக்க முடியாது. நாங்களும் முணுமுணுக்கவில்லை, உபரி நாட்களில் கொஞ்சம் போயிற்று என்று மட்டும் நினைத்துக்கொண்டோம். நடுக்கடலில் காற்றில் மாட்டி மெதுவாகப் போனோம். மேலும் கொஞ்சம் போயிற்று. பங்க் கிளாஸில் எல்லாரும் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்க, அக்கா மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். கால் பழக்கம் விட்டுப்போய்விடக் கூடாதாம்.

கடைசியில் சென்னை தெரிந்தது. ஆனால் துறைமுகத்தில் இடமில்லை. வெளியே நங்கூரம் போட்டு நின்றுவிட்டோம். கட்டடங்கள் தெரிந்தன, கலங்கரை விளக்கம் தெரிந்தது, கரையில் போகிற பஸ்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. இறங்கத்தான் முடியவில்லை. நடை கிளம்புவதற்குள் பலாலிக்குப் போகும் கடைசி விமானம் அன்று காலைதான். நானும் அக்காவும் மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன விமானம் எழும்பித் தெற்குப் பக்கமாகத் திரும்பியது. அதுவா என்று அக்கா கேட்டார். அது இல்லை, அது திருச்சிக்கோ பெங்களூருக்கோ போகிற விமானமாக இருக்கும் என்று சொன்னேன். எனக்கு எதுவும் தெரியாது. அக்கா விமானம் புள்ளியாகிறவரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“இல்லேன்னு நீ சொல்ற வேகத்தைப் பாத்தா, அதுதான்.”

கவுண்டரில் ஒருவர்

கரையிறங்கியதும் விமான டிக்கெட் ஆபீஸுக்குப் போனோம். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், அடுத்த கப்பலில் ஊர் திரும்பிவிடுகிறேன் என்று வாசலில் அக்கா சொன்னார். குரலில் கோபமே இல்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அந்தத் துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகிறார் என்று புரிந்ததும் நான் கவுண்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் எங்களிடம் அவருக்குப் பெரிய ஆர்வமில்லை. டிக்கெட்டை ரத்து செய்யக் காரணம் கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தேவைக்கு அதிகமாகவே சொன்னேன்: வேண்டுதல், தங்கை, முழங்கால், நோயாளி, காற்று, நங்கூரம். அடுத்த விமானம் நாலைந்து நாள் கழித்துத்தான், அதற்குள் நடை கிளம்பிப் போய்விடும், எல்லாம் போயிற்று என்று முடித்தேன். அவர் முத்திரைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நான் சொன்னதில் எதுவோ விளங்காதவர் போல என்னைப் பார்த்தார். அவர்கள் எதில் போகிறார்கள் என்று கேட்டார். சொன்னேனே, நடந்து போகிறார்கள் என்றேன். ரோடு இருக்கிறதா என்றார். பல ஊர்களுக்கு இருக்கிறது என்று அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு பின்னாலிருந்து சொன்னார். பஸ் ஓடுகிறதா என்றார். ஓடும் என்றார் அக்கா.

அக்கா கடையில் அத்தனை பேர் கூடித் திட்டம் போட்டோமே, காசிம் பாயும் மொண்டல் தாதாவும் சண்முகம் அண்ணனும் நானும். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தீவில் இருக்கிறவனுக்கு, கிளம்பிப் போனது போனதுதான். அதன் பின்னால் ஓட முடியாது, அங்கே தண்ணீர்தான் இருக்கிறது. அந்த நினைப்பிலேயே இருந்து இருந்து, நடந்து போகிற ஒரு கூட்டத்தையும் நாங்கள் கப்பலாகவே ஆக்கிவிட்டிருந்தோம். கவுண்டர்காரர் ரத்து முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த விமானத்துக்குத் தேதி மாற்றிக்கொண்டே, பசியில் கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னார்:

“நடந்துதானே சார் போறாங்க? அவங்க எவ்வளவு தூரம் போயிடப் போறாங்க? இந்த அம்மா பஸ்ல போய் முன்னாடி எறங்கி உக்காந்திருக்கட்டும்.”

வற்றாப்பளை

அக்காவை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டுக் கும்பகோணம் போனேன். சேர்ந்துவிட்டோம் என்று முல்லைத்தீவிலிருந்து ஒரு தந்தி வந்தது. அதைப் படித்ததும் நான் மூக்குமுட்டச் சாப்பிட்டதை என் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு நிம்மதிக்கு நான் என்ன செய்துவிட்டேன், எதுவுமே செய்யவில்லையே என்று ஒரு மூலையில் தோன்றிக்கொண்டும் இருந்தது. பரவாயில்லை என்று இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

முழுக்கதையையும் ஆடி கழிந்து அக்கா திரும்பி வந்த பிறகு அவர் கடையில் கேட்டேன். கறுத்து, இளைத்து, கால் இரண்டும் வெடித்துப் போய், ஆனால் குரல் மட்டும் பழையபடி திரும்பியிருந்தார். பலாலியிலிருந்து நேரே சந்நிதிக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டிருக்கிறார். நடைக்காரர்கள் வைகாசிப் பொங்கல் விழாவுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலில் தங்குவார்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பஸ் பிடித்து, முல்லைத்தீவுப் பக்கம் போய் இறங்கி, கோயில் வாசலில் மூட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேல் வந்தது. அதன் பின்னால் புழுதியோடு புழுதியாக, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்த நரைத்த பெண்மணி ஒருத்தியை இவர் யாரோ என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்தப் பெண்மணியும் இவரை யாரோ என்றுதான் தாண்டிப் போனாளாம். நாலடி தாண்டியதும் நின்றாளாம். அத்தோடு அக்கா மோர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்தார்.

அங்கிருந்து இரண்டு பேரும் கதிர்காமம் வரைக்கும் சேர்ந்தே நடந்திருக்கிறார்கள். திருகோணமலையில் ஒருத்திக்குக் காய்ச்சல், பொத்துவிலில் மற்றவளுக்குக் காலில் முள், காட்டுக்குள் யானை நின்ற தடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தது, சின்ன வயதில் காணாமல் போன ஒரு வெள்ளிக் கொலுசுக்காக மூன்று நாள் பேசாமல் நடந்தது என்று சொல்லச் சொல்ல, சாப்பிட வந்தவர்கள் கை காய்ந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கொடியேற்றம் பார்த்தாயிற்று. வேண்டுதல் நிறைவேறிவிட்டது என்றேன். இல்லை என்றார் அக்கா. சந்நிதியிலிருந்து வற்றாப்பளை வரைக்கும் அக்கா பஸ்ஸில் வந்தது வேண்டுதலில் சேராது என்று வள்ளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். முருகன் பெரிய மனது பண்ணிக்கொள்வார் என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். அதை முருகன் சொல்லட்டும், நீ சொல்லாதே என்றாளாம். விட்ட தூரத்தை இவர் வந்து நடந்து முடிக்க வேண்டும். துணைக்கு அவளும் மறுபடி நடப்பாள். முழங்கால் தாங்காது என்று எழுதியிருந்தாளே என்று கேட்டேன். அது இவர் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியதோ என்று அக்காவுக்கே இப்போது சந்தேகமாம்.

மறுபடி வைகாசி, மறுபடி மழைக் கடல், மறுபடி உபரி நாள் கணக்கு. எந்தத் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டேன். அக்கா என் இலையில் இரண்டாம் தடவை குழம்பை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார்:

“தேதி என்ன தேதி? இந்தத் தடவை கூட்டம் இல்ல, வேல் இல்ல, நாங்க ரெண்டு பேருதான். என்னிக்கு நான் போய் எறங்குறேனோ அன்னிக்குத்தான் நடை கிளம்பும்னு சொல்லிட்டா. உன் கப்பல் எப்ப வருதோ அப்ப போடு தம்பி.”

இத்தனை வருஷத் தொழிலில் போய்ச் சேர வேண்டிய தேதியே இல்லாமல் நான் போட்ட டிக்கெட் அது ஒன்றுதான்; அந்தக் கப்பல் மட்டும், சொன்ன நாளில், சொன்ன மணிக்கு, ஜெட்டியை விட்டுக் கிளம்பியது.